பேஸ் கிற்றாரை விட்டாயிற்று, சாமானை என்ன செய்வது?

2024 பெப்ரவரி 11 – ஒரு வாசகர் கேட்டது

அண்ணை, மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடம் கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்திய வீடு என்று பேஸ் (கனத்த சத்தம் தரும் நாலு கம்பிக் கிற்றார்) வாசித்தேன். இப்போது மூன்று வருடமாகப் பையைத் திறக்கவே இல்லை. விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். பேஸை விற்றவன் எல்லாம் பிறகு இன்னொன்று வாங்குவான் என்று கூட்டாளிமார் பயமுறுத்துகிறார்கள். நீங்களும் எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகக் கேள்வி. உண்மையா?

பெப்ரவரி 11, இரவு

பாதி உண்மை. அம்ப் என்ற சத்தப் பெருக்கியும் ஸ்பீக்கரும் போய்விட்டன. கிற்றார் இன்னும் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. விலை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் தொட்டுப் பார்த்துவிட்டு "யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை" என்று போனவர்கள்தான்.

விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுவிடு தம்பி. ஆனால் மூன்று வருடம் திறக்காத பைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாது. முதலில் போய்த் திற.

நான் விட்டதற்குக் காரணம் கை. இடது மணிக்கட்டில் நோவு. சாதாரண கிற்றாரில் கம்பியின் நீளம் இருபத்தைந்து அங்குலம் சொச்சம். பேஸில் 34 அங்குலம். கழுத்தின் தலைப்பக்கம் வாசிக்கும்போது நாலு விரலையும் நண்டுக்கால் மாதிரி விரிக்க வேண்டும். நாற்பத்தைந்து தாண்டினால் அது தெரியும்.

பெப்ரவரி 12

திறந்தவுடன் பார்க்க வேண்டியதை நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

பின்பக்கத்தில் ஒன்பது வோல்ட் பெற்றரி போடுகிற ரகமா? அப்படியென்றால் முதலில் அதைக் கழற்று. மூன்று வருடத்தில் பெற்றரி கசிந்து பச்சை பூத்திருக்கும். அடுத்தது கழுத்து. நாலு கம்பிகளில் (ஈ, ஏ, டி, ஜி) தடித்த ஈ கம்பியை, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான பிரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் ஒரே நேரத்தில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பார். ஒரு விசிட்டிங் கார்ட் நுழைந்தால் பரவாயில்லை. விரல் நுனி நுழைந்தால் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. உள்ளே போகிற இரும்புக் கம்பியை அலன் கீயால் கால் சுற்று இறுக்கிவிட்டு ஒரு நாள் விடு. அடுத்த நாள் திரும்பப் பார். ஒரேயடியாக முழுச் சுற்று சுற்றினால் கம்பி முறியும், பிறகு விற்பதற்கு விறகுதான் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு முறை கழுத்து மாறும். கார்த்திகை மழையில் மரம் ஊதும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காய்ந்து சுருங்கும். அப்போது பிரெட்டுகளின் நுனி கழுத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளங்கையில் மீன் முள் மாதிரிக் கீறும். அரத்தால் மெதுவாக ராவி எடுக்கலாம்.

பெப்ரவரி 12, பின்னேரம்

மல்லாவித் தம்பி பையைத் திறந்துவிட்டாராம். உள்ளே பல்லி முட்டை மூன்று, 2020ஆம் ஆண்டுத் திருவிழா நோட்டீஸ் ஒன்று. நடக்காமல் போன திருவிழா.

பெப்ரவரி 18

ஸ்பீக்கர் பெட்டியை எப்படி விற்றேன் என்று கேட்டிருந்தார்கள். பெட்டியை விற்கவில்லை. பெட்டியைக் கறையான் வாங்கிவிட்டது.

பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பூட்டிய பெட்டி, முப்பது கிலோவுக்கு மேல். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது ஆள் "பார்த்து, பார்த்து" என்று சொல்வதற்கு. அதைச் சாமியறைக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். வெளியே கறுப்புக் கம்பளம் ஒட்டிய பெட்டி, பார்த்தால் புதுசு மாதிரித்தான். போன ஆடியில் ஒருவர் வாங்க வந்தார். திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு கைபிடியைப் பிடித்துத் தூக்கினோம். பெட்டி மேலே வந்தது. அடிப்பலகை நிலத்திலேயே இருந்தது. புற்றுமண் அப்பிய தட்டு, அதில் கறையான் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவருக்கும் சீமெந்துத் தரைக்கும் நடுவில் இருந்த நூல் அளவு வெடிப்பால் ஏறியிருக்கிறது.

வந்தவர் சிரிக்கவில்லை. டோர்ச் அடித்து ஸ்பீக்கரின் கோனை, அதாவது முன்பக்கக் கூம்பைப் பார்த்தார். விரல்களால் பரவலாக அமர்த்திக் கோனை உள்ளே தள்ளிப் பார்த்தார், உரசுகிற சத்தம் வருகிறதா என்று. வரவில்லை. ஸ்பீக்கருக்கு மட்டும் பன்னிரண்டாயிரம் தந்தார். அம்புக்கு வேறு காசு. பெட்டியை அடுப்புக்கு வெட்ட விறகுக்குக் கூட ஆகவில்லை, ஒட்டுப்பசை நாற்றம்.

அவர் அதைத் தன்னுடைய பெட்டி ஒன்றில் பூட்டி எங்கள் ஊர்க் கோயிலுக்கே வாடகைக்குப் போட்டிருக்கிறார். மார்கழி முழுக்க விடிய நாலரைக்கு என்னை எழுப்பியது என் ஸ்பீக்கர்தான்.

பெப்ரவரி 25

விளம்பரத்துக்கு வீடியோ போடு என்று மகன் சொன்னான். கூட்டாளி ஒருவனின் அம்பில் கொழுவி, வாசித்து, போட்டேன். வந்த கேள்விகள்: "அண்ணை சவுண்ட் வரேல்ல." "பழுதா?" "விரல் மட்டும் ஓடுது."

பேஸின் ஈ கம்பி திறந்தபடி அடித்தால் 41 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 41 அதிர்வு. போன் ஸ்பீக்கர் ஒரு நகம் அளவு. அந்தச் சத்தத்தின் அடிப்பகுதியை அதனால் வெளியே தள்ளவே முடியாது, மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய கீச்சு மட்டும் வரும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் என்று கீழே எழுதினேன். "ஹெட்போனும் சேர்த்தா விலை?" என்று ஒருவர்.

மார்ச் 3

விலையைப் பற்றி. 2012இல் கொழும்பில் 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது 85,000 கேட்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கி, உழைத்துத் தந்த சாமான் இரண்டு மடங்குக்கு மேல் விலை போகிறது. நிலம்கூட இப்படி ஏறவில்லை! 2022இல் ரூபாய் விழுந்ததும் புதுச் சாமானின் விலை எங்கேயோ போய்விட்டது, அதனால் பழசுக்கும் மவுசு. தம்பி, விற்பதென்றால் இதுதான் நேரம்.

மார்ச் 4

மகன் கல்குலேட்டரோடு வந்து உட்கார்ந்தான். 2012இல் டொலர் 130 ரூபாய் அளவு, அப்படியென்றால் நான் கொடுத்தது 290 டொலர் சொச்சம். இப்போது டொலர் 300 ரூபாய்க்கு மேல், 85,000 என்பது 280 கூட வராது. "அப்பா, நட்டம்."

நேற்று எழுதியதை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

மார்ச் 10

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் தலைப்பகுதியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்கிறார்கள்: ஏன் ஒரு கீ மட்டும் வேறு மாதிரி? கம்பியை முறுக்குகிற கீயைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன், இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்னுடைய இரண்டாவது பேஸ். முதலாவது, 2002இல் போர் நிறுத்தத்தோடு ஏ-9 என்ற கண்டி–யாழ்ப்பாணப் பாதை திறந்து அடுத்த வருடம் கொழும்பில் பழசாக வாங்கியது. எழுபதுகளின் ஜப்பான் சாமான் என்று கடைக்காரர் சொன்னார். தலையில் இருந்த பெயர் அழிந்து, ஒரு வால் மட்டும் மிச்சம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கிப் பையைத் திறக்கச் சொன்னார்கள். கம்பிகளைப் பார்த்த சிப்பாய் ஒருவர் காற்றில் பைலா என்ற ஆட்டப் பாட்டை வாசித்துக் காட்டிவிட்டு மூடச் சொன்னார்.

அப்போது நாங்கள் வன்னியில், விசுவமடுவில். கரண்ட் என்பது ஜெனரேட்டர்காரர் தருகிற நேரம்தான். மற்ற நேரம் கம்பியைச் சும்மா தட்டிப் பழகினேன். 2006 ஆகஸ்டில் பாதை மூடியது. 2009 தொடக்கத்தில் போர் நெருங்கி ஊரை விட்டுக் கிளம்பும்போது அதைத் தூக்க வழி இல்லை. அரிசி, பிள்ளை, அம்மா, தறப்பாள். கிற்றாரைப் பொலித்தீனால் சுற்றி, உரப்பை இரண்டுக்குள் போட்டுக் கட்டி, கிணற்றடிக்குப் பக்கத்தில் புதைத்தேன். எல்லோரும் எதையாவது புதைத்தார்கள். பக்கத்து வீட்டில் தையல் மெஷின்.

2011இல்தான் காணிக்குத் திரும்பி வந்தோம். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் பார்த்து முடித்த பிறகும் மண்வெட்டியை ஓங்கிப் போட மனம் வரவில்லை, அலவாங்கால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுத்தேன். உரப்பை இருந்தது. கழுத்து முறுகிப் பாம்பு மாதிரி. உடல் ஒட்டுப்பலகை, தாள் தாளாகப் பிரிந்து கையோடு வந்தது. கம்பியின் அதிர்வை எடுக்கிற பிக்கப் மேல் மண் அப்பியிருந்தது. தட்டினால் விழவில்லை. பிறகுதான் விளங்கியது, உள்ளே இருந்த காந்தம் மண்ணிலிருந்த இரும்புத் துகளை எல்லாம் இழுத்து வைத்திருக்கிறது. ஆணி ஒன்றைக் கிட்டக் கொண்டு போனேன், டக்கென்று ஒட்டியது. இரண்டு வருடம் மண்ணுக்குள் கிடந்தும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கீகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு ஒரு ரின்னில் வைத்தேன். 2014இல் ஒரு கலியாண வீடு முடிந்து வரும் வழியில் பட்டா என்ற சின்ன லொறியில் இருந்து புதுக் கிற்றார் விழுந்து தலை அடிபட்டது. கிளிநொச்சியில் கீ எங்கே கிடைக்கும்? ரின்னைத் திறந்தேன். ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பித்துப் பூட்டினேன். பத்து வருடமாகச் சுருதி நிற்கிறது.

மார்ச் 11

திருத்தம். ஒரு கீ இல்லை, இரண்டு. டியும் ஜியும். இன்று இறக்கித் துடைத்தபோது பார்த்தேன். டிக்கு நான் அப்போதே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறேன், விற்கிற யோசனை அப்போதே இருந்ததோ தெரியாது.

இந்த இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டு வேறு பூட்டி விற்பதா, அப்படியே கொடுப்பதா? மனைவியிடம் கேட்டேன். "கழட்டி என்ன செய்யப் போறியள், புட்டுப் பானைக்குப் பூட்டவோ?"

மார்ச் 24

முதல் நாள் கை நோவு என்று எழுதினேன். கை நோவு உண்மைதான். ஆனால் அதே கையால் இப்போதும் வயலில் வரம்பு கட்டுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் இசைக்குழுவின் கீபோர்ட்காரத் தம்பி ஒரு புதுக் கீபோர்ட் வாங்கினான். இடது கையால் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்) ஒன்றை அமர்த்தினால் தாளமும் பேஸும் தானாக ஓடும். முதலில் ஒத்திகைக்கு மட்டும் என்றான். திருவிழாக்காரர் தருகிற காசு ஏறவில்லை, டீசல் ஏறியது. ஆறு பேருக்குப் பிரிப்பதை நாலு பேருக்குப் பிரித்தால் யாருக்கும் கணக்கு விளங்கும். ட்ரம்ஸ் வாசித்தவன் கனடா போனான். அவனுக்குப் பதிலாக ஆள் எடுக்கவில்லை, கீபோர்ட் பெட்டிக்குள் ட்ரம்ஸ் இருக்கிறது.

2018 ஆனியில் ஒரு திருவிழா. எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அடுத்த நாள் கடைச் சந்தியில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேற்று அந்தமாதிரி! அதுவும் நீங்கள் பின்னுக்கு நிண்டு வாசிச்சது..." நன்றி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் போய் வாசித்தேன். ஆனால் மேடையில் நிற்கும்போதெல்லாம் அந்தத் தேத்தண்ணி ஞாபகம் வரும்.

மார்ச் 25

"கீபோர்ட் பேஸும் பேஸ்தானே அண்ணை, கேட்கிறவனுக்கு என்ன வித்தியாசம்" என்று எழுதியவருக்கு.

தவிலில் வலந்தலை என்ற வலப்பக்கத்தை மட்டும் வாசித்துப் பார், தொப்பி என்ற கனத்த சத்தப் பக்கத்தை விட்டுவிடு. சனம் கொஞ்ச நேரம் கேட்கும், எழும்பி ஆடாது. பேஸும் ட்ரம்ஸின் கால் அடியும் சேர்ந்து செய்கிற வேலை அது. கீபோர்ட் சரியான சுரத்தைத் தரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது என்பதை விட எப்போது அமர்த்தி நிறுத்துவது என்பதுதான் பேஸ். பைலாவில் ஆறு எண்ணிக்கை ஓடும்போது, இரண்டு அடிக்கு நடுவில் கையை வைத்துக் கம்பியைச் சாகடிக்க வேண்டும். அந்த வெறும் இடத்தில்தான் ஆடுகிறவனின் கால் விழும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் தனியாகவே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும், யாருடைய பாட்டு என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைப் பெட்டிக்குள் இருக்கிற தாளத்தால் தொடவே முடியாது.

1951இல் அமெரிக்காவில் கிற்றார் செய்த லியோ ஃபெண்டர் பிரெட் வைத்த பேஸ் கிற்றாரை விற்பனைக்கு விட்டு அதற்குப் பிரெசிஷன் (துல்லியம்) என்று பெயர் வைத்தார். அதற்கு முந்திய ஆள் உயர டபுள் பேஸில் பிரெட் இல்லை, காதை நம்பித்தான் விரல் வைக்க வேண்டும். பிரெட் வந்ததும் யாரும் துல்லியமாக வாசிக்கலாம் என்றாயிற்று. அன்றைக்கு டபுள் பேஸ்காரன் ஒருவனும் என்னை மாதிரி ஒரு தேத்தண்ணி குடித்திருப்பான்.

மார்ச் 25, இரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஆனால் 2018 திருவிழாவில் சனம் ஆடியது. கீபோர்ட் பேஸுக்குத்தான் ஆடியது. எனக்குத் தெரிந்தவரை யாருடைய காலும் தடக்கவில்லை.

ஏப்ரல் 7

சில்லறைச் சாமான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயர்களை விற்காதீர்கள், யாரும் காசு தர மாட்டார்கள், வீட்டில் எதற்காவது உதவும். தோள் பட்டி பெல்ட்டாகப் போய்விட்டது.

பழைய கம்பிகள்: எறிய வேண்டாம். புதுக் கம்பி ஒரு செட் வாங்கக் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், விலையும் நெஞ்சை அடைக்கும். கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் அவித்தால் சுற்றுகளுக்குள் ஏறிய அழுக்கும் வியர்வையும் கழன்று, கொஞ்ச நாளைக்குப் புதுசு மாதிரி மணி அடிக்கும். நான் இடியப்பப் பானையில் அவித்தேன். அன்றைக்கு நடந்ததை எழுத மாட்டேன்.

கேட்காத ஒன்று: மேடையில் கரண்ட் அடிப்பது. பேஸின் கம்பி, அது உட்கார்ந்திருக்கிற பிறிட்ஜ் என்ற உலோகத் தட்டு வழியாக அம்பின் எர்த்தோடு தொடுத்திருக்கும். பாடகர் பிடிக்கிற மைக் வேறு லைனில் இருந்து வந்து, ஒரு பக்கம் எர்த் சரியில்லை என்றால், கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிற ஆளுக்கு அடிக்கும். எனக்கு ஒரு முறை பல் கிடுகிடுத்தது. ஜெனரேட்டரில் ஓடுகிற திருவிழா என்றால் இரும்புக் குற்றியை மண்ணில் ஆழமாக அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் அந்த ஒரே எர்த்தில் கட்டச் சொல்லுங்கள். எங்கள் மண் சித்திரையில் ஓடு மாதிரிக் காய்ந்து கிடக்கும், உப்புத் தண்ணீர் ஊற்றாமல் குற்றி இருந்தும் இல்லாத மாதிரி.

ஏப்ரல் 21

போய்விட்டது.

முருங்கன் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவுக்கு. மன்னார்ப் பக்கம் தேவாலயங்களில் இன்னும் ஆள்தான் வாசிக்கிறது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அப்பாவும் பதினேழு வயது மகளுமாக வந்தார்கள். வாசிக்கப் போவது மகள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, கொழுவிக் காட்ட வீட்டில் அம்ப் இல்லை. அதுதான் கோயிலில் இருக்கிறதே.

பிள்ளை கதிரையில் உட்கார்ந்து, கிற்றாரை மடியில் வைத்து, உடலின் மேல் கொம்பில் நாடியை அழுத்திக்கொண்டு ஈ கம்பியைத் தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா ஒன்றும் விளங்காமல் நின்றார்.

"சத்தம் வருதோ பிள்ளை?"

"வருது அப்பா. எலும்புக்குள்ளால வருது."

விசுவமடுவில் ஜெனரேட்டர் இல்லாத இரவுகளில் நான் அப்படித்தான் கேட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, அவளுக்கும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சொன்னால் அழுதுவிடுவேனோ என்று எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டு கீயும் வேறு கிற்றாரின் கீ, ஓட்டை பெருப்பித்திருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னேன். எங்கிருந்து வந்த கீ என்பதைச் சொல்லவில்லை. அப்பா விலை குறைக்கக் கேட்டார். 70,000க்கு விட்டேன். மகன் டொலருக்கு மாற்றத் தொடங்கினான், கல்குலேட்டரைப் பறித்து வைத்தேன். கீகளைக் கழற்றவில்லை.

ஏப்ரல் 22

அலுமாரிக்கு மேலே இப்போது சூட்கேஸ். மல்லாவித் தம்பி, உன்னுடையது என்ன ஆயிற்று? பல்லி முட்டையோடு கதை நின்றுவிட்டது.

ஏப்ரல் 28

தம்பி விற்கவில்லையாம். கழுத்தைச் சரி பண்ணினாராம், பண்ணியதும் வாசித்துப் பார்க்கத் தோன்றியதாம், இப்போது பின்னேரங்களில் வாசிக்கிறாராம். திறந்து பார் என்று சொன்னது நான்தான். அவருடைய மனைவி என்னை ஏசுவார், ஏசட்டும்.

மே 5

முருங்கன் பிள்ளை போன் எடுத்தாள். "அங்கிள், ஜி கம்பி அறுந்துபோச்சு. இறங்கியிருக்கு எண்டு ஏத்தினனான், இன்னும் இறங்குற மாதிரி இருந்துது, பிறகு மற்றப் பக்கம் கனக்கத் திருப்பினன், படார் எண்டு போச்சு."

தலையில் கையை வைத்தேன். பழைய ஜப்பான் கிற்றாரின் கீ எதிர்ப்பக்கம் சுற்றுகிற ரகம். அந்தக் காலத்துப் பேஸ்களில் அப்படி இருந்தது. அதனால் நான் விற்ற பேஸில் ஈயும் ஏயும் ஒரு பக்கம் திருகினால் ஏறும், டியும் ஜியும் மற்றப் பக்கம் திருகினால்தான் ஏறும். பத்து வருடம் என் கைக்குப் பழகிப்போனதால் இரண்டு பக்கம் என்பதே எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஓட்டையைச் சொன்னேன், பெயின்ட்டைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

"மேல் ரெண்டும் எதிர்ப்பக்கம் பிள்ளை. ஆறுதலாய்த் திருகுங்கோ."

"ஏன் அங்கிள் அப்பிடி?"

அப்போது சொன்னேன். கிணற்றடி, உரப்பை, மண்ணெண்ணெய் ரின் எல்லாம். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "ஸ்பெயார் கம்பி இருக்கோ அங்கிள்?" என்றாள். ஞாயிறு பூசைக்கு வேண்டுமாம்.

ரின்னைத் தேடி எடுத்தேன். அவித்த கம்பிகளில் ஜி இரண்டு இருந்தது. நல்லதாக ஒன்றை எடுத்துச் சுருட்டிப் பத்திரிகைத் தாளில் கட்டியிருக்கிறேன், நாளைக்கு விடிய மன்னார் பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்.